நோன்பிருந்த ரத்தம்

வோலோஸ்,
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் அசிமினாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஸ்மரோவும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் என் முதல் வேண்டுதல். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று அடுத்த வரியை எழுதப் பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன். என்ன இது, அப்பா திடீரென்று காகிதத்தில் எழுதுகிறாரே என்று நினைப்பாய். வீட்டில் போன் பேச முடிவதில்லை, உன் தம்பி ஃபோட்டிஸ் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறான், என் கைபேசியை ஒருநாள் ஆலிவ் எண்ணெய் டின்னுக்குள் போட்டுவிட்டான், அது எப்படியோ பிழைத்துக்கொண்டது, காதில் வைத்தால் இன்னும் சாலட் வாசனை. அதனால் தனாசிஸின் காபிக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தனாசிஸ் எட்டிப் பார்த்து, "என்னய்யா ஸ்தெரியோஸ், உயிலா? எனக்கு அந்த ஓட்டைக் காரையாவது எழுதி வைய்யா" என்றான். தாளைக் கவிழ்த்து வைத்தேன், போய்விட்டான். கீழ்வீட்டு ரூலாவின் மருமகன் நாளைக்கு மெல்போர்னுக்குப் பறக்கிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் உனக்கு வந்துவிடும்.

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வெயில் ஏறிவிட்டது, துறைமுகத்துப் பக்கம் நிற்க முடியவில்லை. ஸ்மரோவுக்குக் காதுவலி வந்தது என்று அம்மா சொன்னாள், குளித்த தலையோடு அவளை வெளியே விடாதே, மாப்பிள்ளையிடம் காரின் பின் டயர்களைப் பார்க்கச் சொல், போட்டோவில் பார்த்தேன், மொட்டையாக இருக்கிறது, மழையில் அது பிடிக்காது. போன மாதம் நீ ஒரு கேள்வி கேட்டாய், "அப்பா, தம்பிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையை ஸ்மரோவுக்கும் எடுக்கணுமா, நம்ம ரத்தத்துலயே ஏதாச்சும் இருக்கா" என்று. நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வேண்டாம் மகளே, பிள்ளையின் கையில் ஊசி குத்தாதே. ஏன் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

ஃபோட்டிஸ் பட்டாளத்திலிருந்து திரும்பிய வருஷத்திலிருந்து இந்த மனச்சிதைவோடு நாங்கள் படும் பாடு உனக்குத் தெரியும். மாத்திரை சாப்பிட்டால் குரல்கள் அடங்கும், ஆனால் பிள்ளையும் சேர்ந்து அடங்கிவிடுவான், நாக்கு தடித்து, கை நடுங்கி, உடம்பு ஊதி, பால்கனியில் சிகரெட்டோடு உட்கார்ந்திருப்பான், படகு எஞ்சினைக் கழற்றி மாட்டிய கை அவனுடைய கை, கரண்டியைப் பிடிக்கத் தடுமாறும். அதனால் அவன் மாத்திரையை வெறுத்தான், அவனைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. அவன் வாயில் எப்போதும் ஒரே கேள்விதான். "எலும்பு உடைஞ்சா படத்துல தெரியுது. அம்மாவுக்குச் சர்க்கரைன்னா ரத்தத்துல தெரியுது. என் நோய் எங்கப்பா தெரியுது? உங்க வாயில மட்டும்தான் தெரியுது" என்பான். பெரிய டாக்டர்களிடமும் இதையேதான் கேட்பான்.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ட்சிலிகா என்ற டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார், மார்ச் மாதம். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். எங்களை உட்கார வைத்து, "நாம சாப்பிடற கறி, பருப்பு, பால் எல்லாம் வயித்துல உடைஞ்சு பொடிப்பொடியாகுது, அதுக்கு அமினோ அமிலம்னு பேரு, உடம்பைக் கட்டற செங்கல் அதான். அதுல சிலது மூளையில நரம்புக்கு நரம்பு சேதியும் கொண்டுபோகுது. இந்த நோய் உள்ளவங்க ரத்தத்துல அதுல சிலது கூடவும் சிலது குறைச்சலாவும் இருக்கற மாதிரி தெரியுது. அது நிஜமான அடையாளமா, இல்ல நம்ம கண்ணு நம்மளை ஏமாத்துதான்னு பாக்கறோம். யாருக்கும் தனியா முடிவு சொல்றதுக்காக இல்ல" என்றார். கடைசி வாக்கியம் எங்கள் யார் காதிலும் ஏறவில்லை. ஃபோட்டிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். வெளியே வந்ததும் காருக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினான். "ரத்தத்துல இருந்துச்சுன்னா சாகற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு மாத்திரையை முழுங்கறேன். இல்லேன்னா இனிமே ஒருத்தரும் என்கிட்ட மாத்திரைன்னு பேசக்கூடாது. சரியா?" என்றான். நான் கை கொடுத்தேன். எனக்குச் சந்தோஷம் மகளே, ரத்தத்தில் தெரியாமல் எங்கே போகும் என்று நினைத்தேன், இத்தனை வருஷம் எங்கள் மூவரையும் தின்கிற ஒன்று ஒரு சொட்டு ரத்தத்தில்கூடவா இருக்காது.

அடுத்து நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய், நானும் அன்றைக்குச் சிரித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்து, "அம்மா, ரத்தம் கொடுக்க வரும்போது பையன் நோன்போட வரணும்" என்றாள். நம் கிரேக்க மொழியில் கோயிலுக்கும் நோன்புதான், ஊசிக்கும் நோன்புதான், ஒரே சொல். அம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அதெல்லாம் தவக்காலம் தொடங்கின சுத்தத் திங்களிலிருந்தே எங்க வீட்ல நோன்புதான்மா, ஒரு சொட்டு பால்கூட உள்ள வர விடல" என்றாள். அந்தப் பெண்ணும் என்ன புரிந்துகொண்டாளோ, ரொம்ப நல்லது அம்மா என்று வைத்துவிட்டாள். உன் அம்மா எவாந்தியா அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கீரை போட்டுக் கணவாய் சமைத்தாள், ரத்தமில்லாத கணவாய் நோன்புக்கு ஆகுமே, விடிந்ததும் ரொட்டியில் எள் விழுதும் தேனும் தடவி, ஆலிவ் வைத்து, மேலே ஒரு துண்டு அல்வாவும் வைத்துப் பிள்ளையை அனுப்பினாள், முட்டை இல்லை, பால் இல்லை, இறைச்சி இல்லை, கர்த்தருக்கே குறை சொல்ல இடமில்லாத நோன்பு. அங்கே ஊசியோடு வந்த பெண் நோன்பா என்று கேட்டாள், ஃபோட்டிஸ் மூன்று வாரமாக நோன்பு என்றான், அவள் ஒரு நொடி முழித்துவிட்டுக் குத்திவிட்டாள். டாக்டரம்மா கடைசியில் வந்து காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டார். "வெறும் வயிறுன்னு சொல்லுங்கடின்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று அந்தப் பெண்களைக் கடிந்துகொண்டு, குழாயில் இருந்த ரத்தத்தைக் கொட்டச் சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து மறுபடி போனோம், நிஜமாகவே வெறும் வயிற்றோடு. நோயில்லாதவர்களின் ரத்தமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள், நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொடுத்தேன்.

பாஸ்காவுக்கு முந்தைய பெரிய வாரம் தொடங்கின அன்று முடிவைக் கேட்கப் போனோம். டாக்டரம்மாவுக்கு இஷ்டமில்லை, தனியாகச் சொல்வதில்லை என்றுதான் முதலிலேயே சொன்னேனே என்றார், ஃபோட்டிஸ் விடவில்லை, என் ரத்தம் என் உரிமை என்று நின்றான். அவர் எண்களைக் காட்டி, "நூத்துக்கணக்கான பேரை ஒண்ணாச் சேத்துப் பாத்தா ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல லேசா வித்தியாசம் தெரியுது. ஒத்தை ஆளைப் பாத்தா தெரியல. உங்க குழாயையும் உங்க மகன் குழாயையும் பேரை அழிச்சிட்டு என் கையில கொடுத்தா, எது யாருதுன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். எனக்குப் புரிந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கிறேன், மலைக்கிராமத்து வண்டி நிறைய ஆட்களையும் கடற்கரை வண்டி நிறைய ஆட்களையும் எதிரெதிரே நிறுத்தினால் எந்தக் கூட்டம் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம், தனியாக ஒருத்தன் இறங்கி நடந்தால் அவன் எந்த வண்டியில் வந்தான் என்று யாருக்குத் தெரியும். கூடவே இன்னொன்றும் சொன்னார், வாரக்கணக்கில் இறைச்சியும் பாலும் தொடாமல் நோன்பிருந்தால் அதுவே இந்த அளவுகளைக் கொஞ்சம் மாற்றிவிடும், அதனால் இந்த எண்களை வைத்து எதுவும் நினைக்காதீர்கள் என்று. ஃபோட்டிஸை வெளியே அனுப்பிவிட்டு நான் அந்த அம்மாவிடம் கெஞ்சினேன். "டாக்டரம்மா, ரத்தத்துல இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை அவன்கிட்ட சொல்லுங்க, பாவம் என் தலையில இருக்கட்டும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்குப் பொய் சொன்னா, நாளைக்கு நான் நிஜத்தைச் சொல்லும்போது அவன் நம்பமாட்டான் ஐயா. ரத்தத்துல தெரியலன்னா நோய் இல்லன்னு அர்த்தம் இல்ல, அதையும் அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் விடுவேன்" என்றார். சொன்னார். அவன் முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டான்.

அசிமினா, நான் அவனை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. "என் ரத்தமும் அப்பா ரத்தமும் ஒண்ணாம், கலந்து வெச்சா தெரியாதாம்" என்று காவல்காரன் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தான். வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நாளா எனக்கு விஷத்தைக் கொடுத்திருக்கீங்க, ஆனா வேணும்னு செய்யலை அப்பா, தெரியாமத்தானே. உங்களை மன்னிச்சிட்டேன்" என்றான். பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான். எனக்குச் சாலை தெரியவில்லை, கண் மறைத்துக்கொண்டு போனது, ஓரமாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் அம்மா கைகொடுப்பாள் என்று நினைத்தேன், அங்கேதான் என் மண்டையில் இடி விழுந்தது. டாக்டர் சொன்னது எல்லாவற்றிலும் அவள் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள், நோன்பு அளவை மாற்றும் என்பதை. "நோன்புதான் பிள்ளை ரத்தத்தைக் கழுவியிருக்கு. இல்லேன்னா முதல் ரத்தத்தை எதுக்குக் கொட்டினாங்க? அதுல இருந்துச்சு, அதான் கொட்டினாங்க. மாதா கண்ணைத் திறந்துட்டா" என்றாள். அடி பைத்தியக்காரி, எள் விழுது தின்றதற்காகக் கொட்டினார்கள் என்று தலைகீழாக நின்றாலும் ஏற்கவில்லை. "உங்களுக்கு விசுவாசம் கிடையாது, பஸ்ஸுக்குள்ள தொங்கவிட்ட சொரூபம்தான் உங்க கோயில்" என்றாள். அன்றிலிருந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை வைப்பதை நிறுத்திவிட்டாள். நான் வைத்தால் எடுத்துவிடுவாள். இனி மாத்திரை என்று பேசமாட்டேன் என்று கை கொடுத்தவன் நான்.

நோன்பு முடிகிற பாஸ்கா ஞாயிறன்று ஊரே ஆட்டுக்கறி வாசனையில் மிதந்தது, இவர்கள் இருவரும் கொண்டைக்கடலையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு ஒருவரோடொருவர் மோதி உடைக்கிற சிவப்பு முட்டையை எடுத்து யாருடன் மோதுவது? நானே வலது கையாலும் இடது கையாலும் மோதிக்கொண்டேன். நம் கோயில் பாதிரியாரைக் கூட்டிவந்தேன், அவர் குதித்தார். "ஆண்டவர் உயிர்த்த வாரத்துல நோன்பிருக்கறது பாவம் எவாந்தியா, திருச்சபையே தடுக்குது" என்று சத்தம் போட்டார். அவருக்கு முன்னால் அரை முட்டை சாப்பிட்டாள், அவர் படி இறங்கியதும் போய்த் துப்பிவிட்டாள். இப்போது அப்போஸ்தலர் நோன்பு வந்துவிட்டது, கேட்கவே வேண்டாம், எண்ணெய்கூட விட்டாயிற்று, ரொட்டியும் தண்ணீரும்தான். அதையும் அவன் அம்மா கையால் கொடுத்தால்தான் வாங்குகிறான். நான் ரொட்டியைத் தொட்டால் அந்த ரொட்டி பால்கனி வழியாகத் தெருவுக்குப் போகிறது. குரல்கள் திரும்பி வந்துவிட்டன. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளிருந்து பேசுகிறார்களாம், அதன் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறான். என் கையில் ஊசி குத்திய தழும்பு இருக்கிறதா என்று தினமும் பார்க்கிறான், என் ரத்தத்தையும் அவன் ரத்தத்தையும் ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டார்களாம், என்னுள்ளே ஓடுவது அவனுடையதாம், திருப்பிக் கேட்கிறான். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு நீட்டிக்கொண்டு, நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. கேட்கும்போது குரல் மட்டும் அன்பாக இருக்கிறது, "கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க அப்பா, அவசரமில்ல" என்கிறான். சமையலறைக் கத்திகளை எல்லாம் தனாசிஸ் கடையில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

அப்படியும் நான் பொறுத்திருப்பேன். போன வெள்ளிக்கிழமை அம்மா ரொட்டிக்கடை வாசலில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரையைப் பார்த்தால் கருவியில் எண் அடங்கவில்லை. கேட்டால், தன் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திப் பல நாளாகிறது. ஃபோட்டிஸ் சொன்னானாம், "அம்மா, நோன்பு என்னைக் கழுவுச்சு, உன்னையும் கழுவும்" என்று. அங்கேயிருந்த டாக்டர் எண்ணைக் காட்டிக் கத்துகிறார், இதோ பாருங்கள் அம்மா, ரத்தத்தில் எழுதியிருக்கிறது என்கிறார், அவள் தலையைத் திருப்பிக்கொண்டு சிலுவை போடுகிறாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது மகளே. ரத்தத்தில் தெரிந்துவிட்டால் நம்புவான் என்று நினைத்தேனே, இவளுக்குத் தெரிகிறதே, நம்பினாளா? ஃபோட்டிஸின் நோய் மட்டும் அன்றைக்கு ரத்தத்தில் கொட்டை எழுத்தில் தெரிந்திருந்தால் அவன் மாத்திரையை விழுங்கியிருப்பானா? அந்தக் குழாயை மாற்றிவிட்டார்கள் என்றிருப்பான். நான் எதன்மேல் நம்பிக்கை வைத்தேனோ அது இருந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது. அன்றிலிருந்து எனக்கு எதன்மேலும் நம்பிக்கை இல்லை, உன்னிடம் மறைக்க மாட்டேன், காலையில் கண் விழித்தால் ஏன் விழித்தோம் என்றுதான் இருக்கிறது.

நேற்று, திங்கட்கிழமை, அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனேன். வேறு வழி இல்லை, தானாக வராதவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பெற்றவனோ கூடப்பிறந்தவனோ கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும், அப்புறம் போலீஸ் வந்து கூட்டிப்போகும், இரண்டு டாக்டர்கள் பார்ப்பார்கள். என் காரிலேயே கூட்டிப்போகிறேனே என்று கேட்டேன். "அப்படி வழக்கம் இல்ல ஐயா" என்றார் அங்கிருந்தவர். விலங்கு போடுவார்களா என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பெரும்பாலும் போடுவாங்க" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை காலை வருகிறார்கள். அன்றைக்குச் சந்தை நாள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட அம்மா சொன்னாலும் கேட்காமல் பையை இழுத்துக்கொண்டு போயிருப்பாள், அந்த நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு எதுவும் தெரியாது. என்னை மன்னித்துவிட்டேன் என்று சொன்ன பிள்ளையின் கையில் நான் விலங்கு மாட்டப்போகிறேன், அவனோடு கை குலுக்கிய அதே கையால்.

கடிதமாக ஏன் எழுதுகிறேன் என்று மேலே சொன்னது பாதிதான். இந்தக் கடையிலிருந்தே உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீ அழுவாய், வேண்டாம் அப்பா, இன்னொரு வாரம் பொறுங்கள் என்பாய், நான் கேட்டுவிடுவேன், அந்த ஒரு வாரத்தில் அம்மா, தம்பி இரண்டு பேரில் ஒருத்தர் போய்விடுவார். நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதற்காக என்மேல் கோபப்படு, பரவாயில்லை, ஆனால் அழுதுகொண்டு ஓடி வராதே, ஸ்மரோவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, வந்தாலும் உனக்கு இங்கே செய்ய ஒன்றுமில்லை.

மாதா உங்கள் மூவரையும் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, ஸ்மரோவின் இரண்டு கன்னத்துக்கும் முத்தம். டயரை மறக்க வேண்டாம். கடைசியாக ஒன்று, இதை மட்டும் எப்படியாவது செய். சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் போன் கொடுத்ததும் அவன் முதலில் உன்னைத்தான் கூப்பிடுவான், என் ரத்தம் சுத்தமாக இருந்ததே அக்கா, யார் என்னைப் பிடித்துக் கொடுத்தது என்று கேட்பான். யோசிக்காமல் அப்பாதான் என்று சொல். அப்பா மட்டும்தான், அம்மாவுக்குத் தெரியவே தெரியாது, அவள் சந்தையில் அவனுக்குச் செர்ரி வாங்கிக்கொண்டிருந்தாள் என்று சொல். எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே, அப்பா பாவம் என்று சொல்லிவிடாதே, அவன் என்னை வெறுக்கட்டும், நன்றாக வெறுக்கட்டும். வீட்டுக்குத் திரும்பி வரும்போது யாராவது ஒருத்தர் கையிலிருந்து ரொட்டி வாங்கித் தின்ன அவனுக்கு மனசு வர வேண்டும்.

உன் அப்பா,
ஸ்தெரியோஸ்